பின்வளவு அப்ரிகொட்: வைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வாங்கும் தமிழர் பின்வளவில் எதை எப்போது வைப்பார்கள் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதற் கோடையில் தக்காளியும் மிளகாயும். அடுத்த கோடையில் பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல். கறிவேப்பிலை சட்டியில் வந்து சேரும். ஒக்டோபரில் வீட்டுக்குள் குடிவந்தால், வெயில் படுகிற ஜன்னலை மே மாதம்வரை அது யாருக்கும் விட்டுக்கொடுக்காது. இவ்வளவும் கைவந்த பிறகுதான் மரம் வைக்கும் துணிவு வருகிறது. அப்பிள் பக்கத்து வீட்டில் நிற்கிறது, அதை வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அன்னமுன்னா இந்தக் குளிரில் ஒரு இரவுகூடத் தாங்காது. ஆகவே அப்ரிகொட்.

இந்த முடிவுக்கு வந்துவிட்ட ஒருவரைத் தடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஒழுங்காகத் தோற்பதற்காவது வழி சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. செடி வளர்ப்பு என்றால் நம்மவருக்கு அது அன்பு காட்டுகிற வேலை. வெயிலில் வைப்போம், குடம் குடமாய் ஊற்றுவோம், மீன் கழுவிய தண்ணீர் போடுவோம், குளிருமோ என்று கவலைப்படுவோம். அப்ரிகொட்டுக்கு இதில் எதுவும் ஆகாது. அந்த மரத்தின் பிறவிக் குணம் அவசரம். அதை இங்கே காய்க்க வைக்க விரும்புகிறவர் அதனிடம் கொஞ்சம் கடுமையாக, கஞ்சத்தனமாக, முகங்கொடுக்காமல் நடக்கப் பழகவேண்டும். இது இயல்பாகவே வருகிறவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் நல்ல அப்ரிகொட் வளர்ப்பார்கள்.

கன்று தேடுதல்

கன்று வாங்கப் போகிறோம் என்று வாய்விட்டால் உடனே யாராவது கேட்பார்கள்: "காசைக் கொட்டிக் கன்று வாங்கவோ போறீர்? பழத்தைத் திண்டிட்டுக் கொட்டையைத் தாட்டுவிட்டால் முளைக்காதோ? ஊரில மாங்கொட்டை முளைக்கேல்லையோ?"

முளைக்கும். மறுக்கவேண்டாம். ஆனால் மாங்கொட்டை போலக் குப்பையில் எறிந்தால் முளைக்கிற சாதியில்லை இது. ஈரத் துணியிலோ ஈர மணலிலோ சுற்றி இரண்டு மூன்று மாதம் குளிரில் கிடக்கவேண்டும். குளிர்காலம் வந்துபோய்விட்டது என்று விதை நம்பவேண்டும். அதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டு போதும். அந்தத் தட்டில் பூஞ்சணம் பிடித்த துணிப் பொட்டலம் ஒன்று மூன்று மாதம் யார் கண்ணிலும் படாமல் இருக்கவேண்டும் என்பதுதான் சிக்கல். அது எறியப்படாமல் முளைத்து, மரமாகி, பல வருடங்கள் கழித்துக் காய்த்தாலும், தாய்ப் பழத்தின் ருசி வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஒட்டுக் கன்று வாங்குங்கள். அது மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். காய்க்கத் தொடங்கும் என்றுதான் சொன்னேன். பழம் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

எந்த இனம்? ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில் ஹாரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கனடிய அரசின் வேளாண் ஆய்வு நிலையம் இந்தக் குளிருக்கென்றே அப்ரிகொட் இனங்களை உருவாக்கியது. ஹார்கொட், ஹார்கிளோ, ஹார்கிராண்ட், ஹாரோஜெம், ஹார்லேன். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே எழுத்தில் பெயர் வைக்கிற தகப்பன் நம் ஊரில் மட்டும் இல்லை. இவற்றில் ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பெரும்பாலான அப்ரிகொட் இனங்கள் தம் பூந்தூளாலேயே காய்க்கும். சிலவற்றுக்குத் துணை மரம் வேண்டும். விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துணை மரம் வேண்டும் என்று அவர் சொன்னால் இரண்டாவது கன்றையும் அவரே விற்பார் என்பதையும் மனதில் வையுங்கள்.

பிறகு சூட்கேஸ் விவகாரம். கறிவேப்பிலைக் கன்றை உள்ளாடைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த வீரக்கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அப்ரிகொட்டில் அந்த வீரம் வேண்டாம். பிளம், பீச், அப்ரிகொட் எல்லாவற்றையும் பிடிக்கிற பிளம் பொக்ஸ் என்ற வைரஸ் நோய் 2000ஆம் ஆண்டில் கனடாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் நயாகராப் பழத்தோட்டங்களிலேயே. மனிதருக்கு அதனால் ஒன்றும் இல்லை. மரத்துக்கு மருந்தே கிடையாது. நோயுற்ற மரங்களைத் தேடித் தேடி வெட்டி எரித்துப் பத்து வருடத்துக்கு மேல் போராடியும் நயாகராவிலிருந்து அதை முற்றாக ஒழிக்க முடியவில்லை. அசுவினி அதைப் பரப்புகிறது. நோயுள்ள கிளையிலிருந்து எடுத்த ஒட்டும் பரப்புகிறது. "எங்கட சகலன்ர வளவில ஒரு மரம் நிக்குது, ஒரு கொப்பு முறிச்சுத் தாறன்" என்று யாராவது அன்பொழுகச் சொன்னால், கொப்புக்குப் பதிலாகப் பழமாகத் தரச் சொல்லுங்கள்.

இடம் பார்த்தல்

எல்லாரும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள்: தெற்குப் பார்த்த சுவரோரம். நாள் முழுக்க வெயில், காற்றுக்கு மறைப்பு, செங்கல் சுவரின் சூடு வேறு. உங்கள் மாமனாரை வெயில் காய உட்காரவைக்க அதைவிட நல்ல இடமில்லை. அப்ரிகொட்டை அங்கே வைத்தால் அது சந்தோசப்படும். சந்தோசப்பட்டால் பூக்கும். பூத்தால் முடிந்தது கதை.

காரணம் இதுதான். குளிர்காலத்தில் உறங்கும் பழமரம் எப்போது விழிப்பது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சுழியத்துக்கும் 7 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட குளிரில் இத்தனை மணிநேரம் கிடந்தாயிற்றா என்று பார்க்கும். அப்ரிகொட்டுக்கு இனத்தைப் பொறுத்து ஏறக்குறைய 300இலிருந்து 900 மணிநேரம். இந்த மண்ணில் அது குளிர்காலம் பாதி போவதற்குள்ளேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு மரம் அரைத்தூக்கத்தில் காத்திருக்கும். எந்த இளஞ்சூடு வந்தாலும் வசந்தம் என்றே எடுத்துக்கொள்ளும். மத்திய ஆசியாவிலும் சீன மலைப்பகுதிகளிலும் இந்த அவசரம் அதற்குச் சரியாக உதவியது. அங்கே குளிர் போனால் போனதுதான். ஒன்ராறியோக் குளிருக்கு அந்த நேர்மை கிடையாது. பெப்ரவரியில் நான்கு நாள் சட்டையோடு திரியவைத்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்பி வரும். நாம் இதற்குள் பழகிவிட்டோம், ஜாக்கெட்டை மே மாதம்வரை காருக்குள்ளேயே வைத்திருக்கிறோம். மரம் ஒவ்வொரு வருடமும் புதிதாக நம்புகிறது.

ஆகவே கோடையில் வெயில் நன்றாகப் படவேண்டும், குளிர்காலத்தில் ஸ்னோ கடைசியாகக் கரைகிற இடமாகவும் இருக்கவேண்டும். வீட்டின் வடக்குப் பக்கம், நிழல் விழாத அளவுக்குச் சற்றுத் தள்ளி. சரிவு இருந்தால் மேல்பக்கம்; குளிர்காற்று பாரமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். மார்ச் மாதத்தில் அந்த இடத்தில் நின்றால் உங்களுக்கு விறைக்கவேண்டும். விறைத்தால் இடம் சரி.

மண்ணைப் பற்றிச் சொல்லித் துக்கப்படுத்த விரும்பவில்லை. புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்துக்கொண்டுபோன பிறகு மிஞ்சுவது களி. அதன்மேல் ஒரு சாண் மண்ணும் புல்லுப் பாயும். அப்ரிகொட்டின் வேர் தண்ணீரில் நின்றால் அழுகும். ஒரு முழ ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே தாமரைதான் வைக்கலாம். அல்லது மண்ணை மேடாகக் கூட்டி மேட்டின்மேல் கன்றை வைக்கலாம். தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிட்டுத் தரச்சொல்லி விண்ணப்பிக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். அது இலவசம். எரிவாயுக் குழாயை அலவாங்கால் கண்டுபிடிப்பது இலவசமில்லை.

குழிக்குள் எருவைக் கொட்டவேண்டாம். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். அடியில் மரச் சீவலைப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். எரிமலை மாதிரிக் குவித்தால் எலி உள்ளே வீடு கட்டிக் குளிர்காலம் முழுவதும் பட்டையைத் தின்னும்.

பூவும் உறைபனியும்

வைத்து மூன்று நான்கு வருடம் போகட்டும். ஏப்ரல் கடைசியில் ஒரு காலை திரைச்சீலையை விலக்கினால் மரம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் நிற்கும். இலை ஒன்றுகூட வந்திராது. பீச்சுக்கு முன்னால், அப்பிளுக்கு வெகு முன்னால், தெருவிலேயே முதலாவதாக. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். அன்றே அனுப்புங்கள். சில வருடங்களில் உங்கள் அறுவடை அந்தப் படம் மட்டுந்தான்.

மொட்டு மூடியிருக்கும்வரை அப்ரிகொட் மரம் பெரிய வீரன். நடுக்குளிரில் −25 பாகையையும் தாங்கும். பூ விரிந்தபின் நிலைமை வேறு. முழுதாகப் பூத்த வேளையில் அரை மணிநேரம் ஏறக்குறைய −2.8 பாகைக்கு இறங்கினால் பத்தில் ஒரு பூ சாகும். −5.6க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது சாகும். செத்த பூ வெளியே அழகாகவே இருக்கும். நடுவில் இருக்கும் சூலகத்தை நகத்தால் கீறிப் பார்த்தால் கறுத்திருக்கும். விக்டோரியா நாள் வாரவிடுமுறை வரும்வரை தக்காளிக் கன்றைக்கூட வெளியே வைக்காத ஊர் இது. அந்த விடுமுறைக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னால் இந்த மரம் தன் முழுச் சொத்தையும் வெளியே பரப்பி வைக்கிறது.

உறைபனி இரவுகளில் நீங்கள் செய்யவேண்டியது மரத்துக்கு உடுப்பாட்டுவது. மாலையிலேயே துணியை நிலம்வரை தொங்கும்படி போர்த்தவேண்டும். பகலில் மண் வாங்கிய சூடு வெளியேறாமல் அதற்குள் நிற்கும். வெறும் பிளாஸ்டிக் விரிப்பு பூவில் தொட்டால் தொட்ட இடம் கருகும். பழைய படுக்கை விரிப்புப் போதும். வளர்ந்த மரத்துக்கு அது எட்டாது, ஆகவே கண் சேலைப் பெட்டிப் பக்கம் போகும். ஆறு யார் நீளம், பாரமில்லை, காற்றோட்டம் உண்டு. தோட்டக்கலைக்காகவே நெய்ததுபோல் இருக்கிறது. ஆனால் எந்தச் சேலை என்பதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். கூறைச்சேலையை அப்ரிகொட்டுக்குப் போர்த்தியவரைக் காப்பாற்ற எந்த வழிகாட்டியாலும் முடியாது.

துணிக்குள் நத்தார் விளக்குச் சரத்தையும் சுற்றலாம். பழைய மாதிரிக் குண்டு பல்ப் வேண்டும், அதுதான் சுடும். எல்.ஈ.டி. விளக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், பூவைப் பிடிக்காது. இரவு இரண்டு மணிக்குச் சேலை கட்டிய மரம் ஒன்று உள்ளே விளக்கெரிய நிற்பதைப் பக்கத்து வீட்டார் பார்க்க நேரிட்டால், இது எங்கள் சமயத்தோடு சம்பந்தப்பட்டது என்று சொல்லுங்கள். மரியாதையாக விலகிக்கொள்வார்கள்.

காலையில் துணியை எடுத்துவிட மறக்கவேண்டாம், தேனீ வரவேண்டும். அந்தக் குளிரில் தேனீ வராது என்பது வேறு விஷயம். வராவிட்டால் மென்மையான தூரிகையால் பூவுக்குப் பூ நீங்களே தடவிவிடலாம். மகளின் ஒப்பனைத் தூரிகை மிகப் பொருத்தம். கேட்காமல் எடுப்பது பொருத்தமில்லை.

இவ்வளவும் செய்து பூ கருகினால் மனம் உடையவேண்டாம். உலகத்தின் காய்ந்த அப்ரிகொட்டில் பெரும்பகுதியை அனுப்புகிற ஊர் துருக்கியின் மலாத்தியா. தலைமுறை தலைமுறையாக அதே தொழில். 2025 ஏப்ரலில் ஓர் உறைபனி வந்து அங்கேயே தோப்புத் தோப்பாகக் கருக்கிவிட்டுப் போனது. அவர்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, உங்களுக்கு ஒரு வாரத்து முகவாட்டம்.

பராமரிப்பு, அதாவது கையைக் கட்டிக்கொண்டிருத்தல்

எரு: வசந்தத்தில் கொஞ்சம். ஜூன் தாண்டினால் ஒன்றும் கிடையாது. தழைச்சத்து அதிகமானால் மரம் செப்டெம்பர்வரை தளதளவென்று வளரும், அந்த இளங்கொப்பு முதற் குளிரிலேயே செத்துப்போகும். ஊரிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் பெரியப்பா ஓகஸ்டில் ஒரு வாளி கரைசலோடு மரத்தை நோக்கி நடப்பதைக் கண்டால் குறுக்கே விழுங்கள். தோட்டக்காரருக்குத் தோட்டஞ் சொல்லிக்கொடுக்கிற அவமரியாதைதான். அவர் செழிக்கவைத்த மிளகாயும் வெங்காயமும் குளிர்காலத்தைக் கண்டதில்லை என்று பக்குவமாய்ச் சொல்லலாம். கேட்கமாட்டார். வாளியை வாங்கிப் பாகலுக்கு ஊற்றிவிடுங்கள்.

வெட்டுதல்: அப்பிளை இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டுவார்கள், அதைப் பார்த்து அப்ரிகொட்டையும் வெட்டவேண்டாம். குளிரில் வெட்டிய காயம் ஆறாது. அதன்வழியே காளான் இறங்கிப் பட்டையைத் தின்னும். தேன் நிறத்தில் பிசின் வழியும். முருங்கையில் பிசின் வடிந்தால் சிறுவர்களுக்குக் கொண்டாட்டம், இங்கே வடிந்தால் எதற்கும் அந்த இடத்தைக் கூர்ந்து பார்க்கவேண்டும். இந்த ஊரில் அப்ரிகொட் மரங்கள் நடுவயதில் சாவதற்குப் பெருங்காரணம் இந்தப் பட்டைப் புண். பூத்து முடிந்தபிறகு, மழை இல்லாத நாட்களில் மட்டும் வெட்டுங்கள். குட்டைக் கிளைகளில்தான் பழம் பிடிக்கும், அவையும் சில வருடத்தில் களைத்துப்போகும். பழையதை எடுத்துப் புதியதற்கு இடம் விட்டால் போதும்.

வெள்ளை அடித்தல்: நவம்பரில் தண்டுக்கு வெள்ளை வர்ணம் பூசவேண்டும். நீரில் கரையும் சாதாரண வீட்டு வர்ணம், அதே அளவு தண்ணீர் கலந்து. குளிர்காலத்துப் பகல் வெயில் பட்டையைச் சூடாக்கி இரவுக் குளிர் உறையவைக்கும்போது பட்டை வெடிக்கும். வெள்ளை அந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மந்திரி வருகிறார் என்று வீதியோர மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்த நாட்டிலிருந்து வந்த நமக்கு இது ஒன்றுதான் இந்தக் கைநூலில் கைப்பழக்கமான வேலை. கூடவே முயலுக்குக் கம்பி வலை சுற்றுங்கள். ஸ்னோ எவ்வளவு உயருமோ அதற்கு மேலும் இரண்டடி. முயல் ஸ்னோவின் மேல் ஏறி நின்று சாப்பிடும்.

ஆணி அடித்தல்: வேண்டாம். "காய்க்கேல்லையோ? அப்ப இது ஆண் மரமாயிருக்கும்" என்று முதலில் சொல்வார்கள். பனையில் ஆண் பனை பெண் பனை உண்டு, பப்பாசியிலும் உண்டு. அப்ரிகொட்டில் ஒவ்வொரு பூவும் இரண்டுமாக இருக்கும். அடுத்ததாக, காய்க்காத மரத்துக்கு ஆணி அறைந்தால் காய்க்கும் என்பார்கள். மரம் காய்க்காதது பிடிவாதத்தால் அல்ல, ஏப்ரல் மாதத்தால். ஆணி அடித்த ஓட்டை காளானுக்கு வாசல் திறந்துவிட்டதாகத்தான் முடியும். நாவூறு கழிக்க விரும்புகிறவர்கள் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடலாம். மரத்துக்குக் கெடுதலில்லை.

மருந்து: ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலான இரசாயனப் பூச்சிகொல்லிகளுக்குத் தடை. ஆகவே பிளம் கூன்வண்டு என்கிற பூச்சியோடு நேருக்கு நேர் மோதவேண்டும். பிஞ்சின் தோலில் பிறைவடிவில் கீறி அதற்குள் முட்டை வைக்கும் வண்டு அது, பிஞ்சு உதிர்ந்துவிடும். பூவிதழ் உதிர்ந்ததும், குளிர்ந்த காலை வேளைகளில் மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்துக் கிளையைத் தடியால் தட்டினால் வண்டு பொத்தென்று விழும். விழுந்து செத்ததுபோல் கிடக்கும். நடிப்பு. சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். போனவருடம் கிளையிலேயே காய்ந்து தொங்கும் பழங்களையும் பொறுக்கி எறியுங்கள், மழைக்காலத்தில் பழத்தை மண்ணிறமாய் அழுகவைக்கும் காளான் அதற்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கும்.

பங்காளிகள்

ஜூலையில் காய் நிறம் மாறத் தொடங்கும்போது அணில்கள் வரும். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. சேது கட்ட மண் சுமந்ததற்கு இராமர் தடவிக்கொடுத்தது என்று அதன்மேல் நமக்கு ஒரு பாசம். இந்த ஊர் அணில்களைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறமும் கறுப்பும் ஒரே இனம்தான், எதிலும் கோடு கிடையாது. எந்தக் கட்டுமானத்திலும் பங்கெடுத்த சாதியில்லை. ஒரு பழத்தை முழுதாகத் தின்றுவிட்டு அடுத்ததுக்குப் போனாலாவது பொறுக்கலாம். ஒரு கடி கடிக்கும், இனிப்புப் போதாது என்று எறியும், பக்கத்துப் பழத்தைப் பரிசோதிக்கும். வெருளி கட்டினால் அதன் தலையில் ஏறியிருந்து தின்னும். கூண்டில் பிடித்து எங்காவது தொலைவில் விட்டுவரலாம் என்று நினைப்பீர்கள். பிடித்த விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். நீங்கள் கார் திருப்பி வருவதற்குள் அது வந்துவிடும்.

இரவில் ரக்கூன். அதனுடைய எடைக்குக் கிளையே முறியும். இதை எப்படித் தடுப்பது என்று கேட்பவர்களுக்கு: ரொறன்ரோ நகரசபை 2016இல் ரக்கூன் திறக்கமுடியாத பூட்டோடு புதிய பச்சைக் குப்பைத்தொட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தது, செலவு 31 மில்லியன் டொலர். அதையும் சில ரக்கூன்கள் திறந்தன. உங்கள் பட்ஜெட் என்ன?

வலை போட்டு மூடலாம், கொஞ்சம் மிஞ்சும்.

நல்ல வருடம் வந்துவிட்டால்

உறைபனி தவறி, வண்டு தவறி, அணில் ஓரளவு தவறிய வருடமும் வரும். அதற்கு யாரும் தயாராக இருப்பதில்லை. கிளை முழுக்கக் காயாக இருக்கும். பெருவிரல் நுனி அளவு வந்ததும் ஒரு சாணுக்கு மூன்று காய்க்கு மேல் விடாமல் கிள்ளி எறியவேண்டும். எறியாவிட்டால் பழம் சிறுக்கும், கிளை முறியும், அடுத்த வருடம் மரம் ஓய்வெடுக்கும். இத்தனை வருடம் ஏங்கியவருக்குக் கை வராது. மாமியிடம் பொறுப்பைக் கொடுங்கள். பச்சைக் காய் நல்ல புளிப்பு. உள்ளே இருக்கிற இளம்பருப்பை எடுத்துவிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் மாங்காயின் தூரத்து உறவு. மாமி கிள்ளுகிற வேகத்தில் மரம் மொட்டையாகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.

பிறகு பழுக்கும். ஒன்றிரண்டாக அல்ல. ஜூலை கடைசியில் பத்து நாளுக்குள் எல்லாம் சேர்ந்து பழுக்கும், வளர்ந்த மரமென்றால் ஐம்பது கிலோவும் தாண்டும். மரத்திலேயே கனிந்த அப்ரிகொட்டின் ருசியைக் கடையில் வாங்கமுடியாது என்பது உண்மை. கடைக்குப் போகும் தூரம் தாங்காது என்பதால் கடைக்காரர் முன்னமே பிடுங்கிவிடுவார். உங்களுடையதும் இரண்டு நாள் தாங்காது. ஆகவே விநியோகம் தொடங்கவேண்டும்.

இந்த அத்தியாயத்துக்குத் தோட்டக்கலை உதவாது. யாருக்கு எத்தனை, யார் வீட்டுக்கு முதலில், போன வருடம் கல்யாண வீட்டுக்கு வராத சித்தப்பாவுக்கு உண்டா இல்லையா, மச்சாளுக்கு வெம்பல் போய் சம்பந்திக்குக் கனிந்தது போனதை மச்சாள் எப்படி அறிந்தாள். வெறும் ஐஸ்கிரீம் டப்பாக்களை ஜனவரியிலிருந்தே சேர்த்து வையுங்கள். அவை வெறுமையாகத் திரும்பி வராது என்பதால் உங்கள் வீட்டில் ஓகஸ்ட் முழுவதும் மற்றவர்கள் வளவுப் புடோலங்காய் நிறையும். மிஞ்சிய பழத்தை ஜாம் காய்ச்சலாம். இரண்டாகப் பிளந்து காயவைத்தால் கறுத்துப்போகும், பயப்படவேண்டாம். கடையில் விற்கும் காய்ந்த பழத்துக்குச் செம்மஞ்சள் நிறம் கந்தகப் புகையால் வருவது.

கொட்டைக்குள் இருக்கும் பருப்பைப் பற்றி உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல் வரும். வரும் என்பதில் சந்தேகமில்லை. ஹுன்ஸாப் பள்ளத்தாக்கில் இதைத் தின்று 120 வயது வாழ்கிறார்கள், இது விற்றமின் பி17, புற்றுநோயைத் தீர்க்கும், மருந்துக் கம்பனிகள் மறைக்கின்றன, பத்துப் பேருக்கு அனுப்பவும். ஹுன்ஸா வயதுக்கணக்கு பிறப்புப் பதிவில்லாத கணக்கு. பி17 என்று ஒரு விற்றமினே இல்லை. அந்தப் பருப்பில் இருப்பது அமிக்டலின், வயிற்றுக்குள் போனால் சயனைட்டாகப் பிரியும். அதிலிருந்து செய்த லேட்ரில் என்ற மருந்தை 178 புற்றுநோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1982இல் வெளிவந்தது: பயன் இல்லை, சிலருக்கு இரத்தத்தில் சயனைட் ஏறியதுதான் மிச்சம். பெரியவர் ஒரே தடவையில் மூன்று சிறிய பருப்புக்கு மேல் தின்றால் பாதுகாப்பு எல்லை தாண்டும், சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் எச்சரித்தது. கனடாவிலும் விற்பனைப் பருப்பில் சயனைட்டுக்கு 2020இலிருந்து உச்சவரம்பு உண்டு. லடாக் போன்ற இடங்களில் இனிப்புப் பருப்பு உள்ள இனங்களைத் தின்கிறார்கள். உங்கள் மரம் அந்த இனமில்லை. இந்த வழிகாட்டியில் பகிடி இல்லாத பந்தி இது ஒன்றுதான். பேரப்பிள்ளைகள் கையில் கொட்டை உடைக்கிற கல்லைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சில நடைமுறை

மனம் வெறுத்து மரத்தை வெட்ட நினைப்பீர்கள். ரொறன்ரோ நகரத்துக்குள் தண்டின் குறுக்களவு 30 சென்ரிமீற்றரை எட்டிவிட்டால், அது உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டமுடியாது. ஆகவே கோபப்படுவதை முதற் பதினைந்து வருடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரலில் மண் இளகியதும், கன்று இன்னும் உறக்கத்தில் இருக்கும்போதே வையுங்கள். ஹார்கொட் கேளுங்கள். வடக்குப் பக்கம், மேடாக்கிய மண். முதல் இரண்டு கோடைக்குக் கிழமைக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். மற்றபடி மரத்தோடு அதிகம் பேச்சுவார்த்தை வேண்டாம்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஜூலை கடைசி வாரத்தில் நயாகராப் பக்கம் காரை விடுங்கள். வீதியோரப் பண்ணைக் கடைகளில் அன்று பிடுங்கிய அப்ரிகொட் கூடை கூடையாக இருக்கும். ஒரு கன்றின் விலைக்குப் பல கூடை வாங்கலாம், சேலையும் தேவைப்படாது. போகிறவர்கள் எனக்கும் ஒரு கூடை எடுத்துவரவும். டப்பா என்னிடம் இருக்கிறது.